கருப்பைக் கீறல்: பிரசவ வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ வார்டிலும் அறுவை அரங்கிலும் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்து அடுத்த வார்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலான கேள்விகள் எழும். அவை செவிலியரிடம்தான் வந்து சேரும். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைத் தந்திருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் வேறு சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

கேஸ் ஷீட்டுல "ஹிஸ்டரோடமி"ன்னு எழுதியிருக்கு. கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்களா சிஸ்டர்?

இல்லை. ஹிஸ்டரோடமி என்பது கருப்பையைக் கீறித் திறப்பது. உள்ளே செய்ய வேண்டிய வேலை முடிந்ததும் அந்தக் கீறல் தைத்து மூடப்படும். கருப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். கருப்பையை அகற்றும் அறுவைக்கு ஹிஸ்டரெக்டமி என்று பெயர். பெயர் 'எக்டமி' என்று முடிந்தால் ஓர் உறுப்பையோ கட்டியையோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். குடல்வாலை எடுக்கும் அப்பென்டிசெக்டமியும் அந்த வகைதான். ஹிஸ்டரோஸ்கோப்பி என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அதில் வயிற்றில் வெட்டே இல்லை, பிறப்புவழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திக் கருப்பையின் உட்புறத்தைப் பார்ப்பார்கள்.

ஓர் இரவுப் பணியில், இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தாயார் கேஸ் ஷீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பேரன் பிறந்திருப்பதையும் மறந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அழுத பிறகே என்னிடம் கேட்டார். சந்தேகம் வந்தால் உடனே கேட்டுவிடுங்கள்.

அப்போ சிசேரியனும் இதுவும் ஒண்ணா, வேற வேறயா?

சிசேரியனில் இரண்டு திறப்புகள் இருக்கின்றன. முதலில் வயிற்றுச் சுவரைத் திறக்கிறார்கள். பிறகு கருப்பைச் சுவரைத் திறக்கிறார்கள். அந்த இரண்டாவது திறப்புதான் ஹிஸ்டரோடமி. ஆகவே ஒவ்வொரு சிசேரியனிலும் கருப்பைக் கீறல் உண்டு; ஆனால் கருப்பையைக் கீறிய ஒவ்வொரு தடவையும் அது சிசேரியன் ஆகிவிடாது. பிரசவம் அல்லாத காரணங்களைப் பிற்பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

ஏழு லேயர் வெட்டுறாங்களாமே, உண்மையா?

எண்ணுகிறவரைப் பொறுத்து ஆறும் வரும், எட்டும் வரும். தோல், அதன் கீழ்க் கொழுப்பு, தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, தசை, வயிற்றறையின் உட்சவ்வு, கருப்பையின்மேல் படர்ந்து சிறுநீர்ப்பைக்கு மடங்கும் சவ்வு, கருப்பைச் சுவர், கடைசியாகப் பனிக்குடம். இவற்றில் வயிற்றுத் தசையைப் பெரும்பாலும் வெட்டுவதே இல்லை. நடுக்கோட்டில் பிரித்து இருபுறமும் விலக்கிவிடுகிறார்கள்.

கருப்பையை அடைந்ததும் மருத்துவர் கத்தியை உடனே வைத்துவிட மாட்டார். நிறைமாதக் கருப்பை பெரும்பாலும் வலப்பக்கம் சற்றே திரும்பியிருக்கும்; அதைக் கவனிக்காமல் வெட்டினால் வெட்டு நடுவில் விழாமல், இடப்பக்க இரத்தக் குழாய்களை நோக்கிப் போய்விடும். எனவே முதலில் கையால் தடவி நடு எது என்று பார்ப்பார். பிறகு சவ்வைக் கீறிச் சிறுநீர்ப்பையைக் கீழே ஒதுக்கிவிட்டு, கருப்பையின் நடுவில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்குக் கத்தியை மெல்ல மெல்ல இழுப்பார். அழுத்தி ஒரே வெட்டாக வெட்டினால் குழந்தையின் கன்னத்திலோ தலையிலோ கத்தி படக்கூடும். பனிக்குடம் குமிழி போலப் பிதுங்கித் தெரிந்ததும் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களை உள்ளே விட்டு இழுத்துத் திறப்பை ஏறக்குறைய பத்து சென்டிமீட்டராக விரிப்பார். கத்தரியால் நீட்டுவதைவிட விரலால் விரிப்பதில் இரத்த இழப்பு குறைவு. "என் வயிற்றை யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது" என்று தாய்மார்கள் பிறகு சொல்வார்கள். முதுகில் போட்ட ஊசியால் வலி தெரியாது. ஆனால் இழுப்பும் அழுத்தமும் தெரியும்.

குழந்தை வந்ததும் திறப்பின் இரு முனைகளையும் விளிம்புகளையும் இடுக்கிகளால் பிடித்துக்கொள்வார்கள், ஏனெனில் இரத்தம் அங்கிருந்துதான் கொட்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. அந்த இடுக்கியின் பெயர் கிரீன் ஆர்மிட்டேஜ். கல்கத்தாவில் பணியாற்றிய ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர் ஒருவரின் பெயர் அது. அரங்கில் "ஆர்மிட்டேஜ் குடு" என்று ஒரு நாளில் பத்து முறை கேட்டிருந்தாலும், அது ஒரு மனிதரின் பெயர் என்று பல ஆண்டுகள் எனக்கே தெரியாது.

வயித்துல தழும்பு குறுக்கதானே இருக்கு, அப்போ கர்ப்பப்பையிலயும் குறுக்கதானே வெட்டியிருப்பாங்க?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்படித்தான் என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் அடிவயிற்று மடிப்பை ஒட்டிக் குறுக்கே அழகாகக் கீறிவிட்டு, உள்ளே கருப்பையை நெடுக்காகத் திறந்திருக்கலாம். வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நெடுக்காகத் தழும்பு இருந்தும், உள்ளே கருப்பையில் குறுக்கு வெட்டு இருக்கலாம். அவசரத்தில் நெடுக்காகத் திறக்கப்பட்ட பழைய கேஸ்கள் பலவற்றில் அப்படித்தான் இருந்தது.

அடுத்த பிரசவம் எப்படி நடக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கருப்பையில் இருக்கும் தழும்பு. அது எந்த வகை என்பது அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "எல்.எஸ்.சி.எஸ்." என்று இருந்தால் கருப்பையின் கீழ்ப்பகுதியில் கீறியிருக்கிறார்கள் என்று பொருள். "கிளாசிக்கல்" (மேற்பகுதியில் நெடுக்கு வெட்டு) என்றோ, "இன்வெர்ட்டட் டி", "ஜே எக்ஸ்டென்ஷன்" என்றோ ஏதேனும் எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கீழ்ப்பக்கம் குறுக்க வெட்டுறதுல அப்படி என்ன விசேஷம்?

கருப்பையின் மேற்பகுதி தடித்த தசை. பிரசவ வலியின்போது சுருங்கிக் குழந்தையைத் தள்ளுவது அதுதான். கீழ்ப்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நீண்டு மெலிந்து உருவாகிறது. அதில் தசை குறைவு, வலியின்போது அது விரிந்துகொடுக்கிறதே தவிர வேலை செய்வதில்லை. அங்கே வெட்டினால் இரத்தம் குறைவாகப் போகும், தைப்பது எளிது, தையல்மேல் சிறுநீர்ப்பைச் சவ்வு வந்து படிந்துகொள்ளும், அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தழும்பு இழுபடுவதும் குறைவு.

இது தெரிய வெகுகாலம் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஐரோப்பாவில் கருப்பையைத் திறந்து குழந்தையை எடுத்துவிட்டு, அதைத் தைக்காமலே விட்டுவிடுவதுதான் பெருவழக்கு. தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். தாய்மார்கள் இரத்தப்போக்கிலும் சீழிலும் இறந்தார்கள். 1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ, குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் வெட்டி எடுத்துத் தாயைப் பிழைக்க வைத்தார். முதல் கேள்வியில் பார்த்த இரண்டு அறுவைகளும் அன்று ஒன்றாகவே நடந்தன. 1881-இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் கேரர் கீழ்ப்பகுதியில் குறுக்கே கீறினார். மறு ஆண்டே மாக்ஸ் ஸேங்கர் கருப்பைச் சுவரை முறையாகத் தைக்கும் வழியை எழுதி வெளியிட்டார். ஆனாலும் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டும் பழக்கம் போகவில்லை. 1920களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர் விடாமல் வலியுறுத்திய பிறகே கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு உலகெங்கும் பரவியது.

அப்புறம் ஏன் சிலருக்கு மட்டும் மேல நெடுக்க வெட்டுறாங்க?

கீழ்ப்பகுதி இல்லாதபோது அல்லது அதை நெருங்க முடியாதபோது. இருபத்தைந்து, இருபத்தாறு வாரங்களில் குழந்தையை எடுக்க வேண்டி வந்தால் கீழ்ப்பகுதி இன்னும் சரியாக உருவாகியிருக்காது. அந்தக் குறுகிய இடத்தில் குறுக்கே வெட்டினால் பிஞ்சுக் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும். பனிநீர் வடிந்துபோய்க் குழந்தை குறுக்கே, முதுகு கீழ்நோக்கிக் கிடந்தால் பிடித்து இழுக்க காலோ கையோ அகப்படாது. கீழ்ப்பகுதியில் பெரிய கட்டி இருக்கலாம். முந்தைய அறுவைகளால் சிறுநீர்ப்பை மேலே ஏறி ஒட்டியிருக்கலாம். நஞ்சுக்கொடி கீழ்ச்சுவரைத் துளைத்து வளர்ந்திருக்கலாம்.

குறுக்கே வெட்டத் தொடங்கிய பிறகு இடம் போதாமல், நடுவிலிருந்து மேல்நோக்கியோ ஒரு முனையிலிருந்து மேலேயோ வெட்டை நீட்ட நேர்வதும் உண்டு. மேலே சொன்ன 'டி', 'ஜே' என்னும் பெயர்கள் அந்த வடிவங்களுக்குத்தான். இவற்றையும் அடுத்த கர்ப்பத்தில் நெடுக்கு வெட்டுக்கு இணையான எச்சரிக்கையோடுதான் பார்ப்பார்கள். குழந்தையின் உயிருக்காக அந்த நொடியில் எடுக்கும் முடிவு அது. தாயிடம் அதைப் பிறகு சொல்லாமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

கர்ப்பப்பைக்குள்ள போட்ட தையலை எப்போ பிரிப்பாங்க?

பிரிக்கவே மாட்டார்கள். உள்ளே போடுவது தானாகக் கரையும் நூல். முன்பு கேட்கட், இப்போது பெரும்பாலும் விக்ரில். வெளியே தோலில் போட்ட தையலையோ ஸ்டேப்லரையோ மட்டும்தான் நாள் குறித்து எடுப்பார்கள்.

கருப்பையை ஓரடுக்காகத் தைப்பதா ஈரடுக்காகத் தைப்பதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டு. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் பல்லாயிரம் பெண்களைச் சேர்த்து நடந்த கொரோனிஸ் ஆய்வு இதையும் பரிசோதித்தது. 2013-இல் வெளியான முடிவுகளிலும், மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவுகளிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. "எனக்கு ஒரு தையல்தான் போட்டார்களாம், அவளுக்கு இரண்டாம்" என்று அடுத்த கட்டிலோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

உள்காயம் ஆற எத்தனை நாள் ஆகும்?

நிறைமாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையிருந்த கருப்பை, ஆறு வாரங்களில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். பத்து சென்டிமீட்டர் வெட்டும் கூடவே சுருங்கிச் சிறு கோடாகிவிடுகிறது. அன்றாட வேலைகளுக்குத் திரும்ப அந்த ஆறு வாரக் கணக்கு போதும்.

ஆனால் அடுத்த கர்ப்பத்தின் சுமையைத் தாங்குவதற்கு அந்தக் கணக்கு போதாது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பதினெட்டு மாதங்களுக்கும் குறைவாக இருந்தால், வலி வரும்போது தழும்பு பிரியும் ஆபத்து கூடுகிறது. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்துக் கருத்தரிக்க இரண்டு ஆண்டுகளாவது இடைவெளி விடுவதே பொதுவான அறிவுரை. பத்தியத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கும் வீடுகளில்கூட இந்த இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்பல்லாம் எல்லாருக்கும் வெட்டிடுறாங்களே, தேவை இருந்துதான் பண்றாங்களா?

உங்களுக்குத் தேவையிருந்ததா என்பதை உங்கள் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பொதுக்கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் பிரசவங்களில் 21.5 சதவீதம் சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். இங்கே தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போவதால் தாய், சிசு மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. இவ்வளவு இடைவெளிக்கு மருத்துவக் காரணம் மட்டும் போதாது என்பதே என் எண்ணம். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து நிற்கும் குடும்பங்களையும், விடிய விடியக் காத்திருக்க ஆளில்லாத லேபர் வார்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

முதல் கீறல்தான் முக்கியமான முடிவு. அடுத்தடுத்த கர்ப்பங்களின் போக்கு அதிலிருந்து தொடங்குகிறது.

குழந்தை பிறக்காமலே கர்ப்பப்பையைக் கீறுவாங்களா?

கீறுவார்கள். கருக்கலைப்புக்காகக் கருப்பையைத் திறப்பது ஒரு காலத்தில் அடிக்கடி நடந்தது. மருத்துவ நூல்கள் ஹிஸ்டரோடமி என்று தனித்துச் சொன்னால் பெரும்பாலும் இதையே குறிக்கும். மாத்திரைகளால் கருவை வெளியேற்றும் முறைகள் வந்த பிறகு இது அரிதாகிவிட்டது. மருந்து பலிக்காதபோது, அல்லது நஞ்சுக்கொடி வழியை முழுதும் அடைத்திருக்கும்போது, கடைசி வழியாகவே இன்று செய்யப்படுகிறது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்கும் (கரு சரியாக வளராமல் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக்குலை போலப் பெருகுவது) முன்பு இப்படித் திறந்தார்கள். இப்போது உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். கருக்கலைப்புக்கான இந்தியச் சட்டம் 1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம்வரை இரு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். அதற்கு மேல் கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் கீழ்ப்பகுதி உருவாகியிருக்காது என்று முன்பே சொன்னேன். ஆகவே அப்போது போடும் வெட்டு மேற்பகுதித் தசையில்தான் விழும். உயிரோடு ஒரு குழந்தையும் பிறக்காத அந்தப் பெண்ணின் கருப்பையில் இருப்பது மிகவும் கவனிக்க வேண்டிய தழும்பு. ஆனால் அடுத்த கர்ப்பத்தில் அவளிடம் "இது எத்தனாவது?" என்று கேட்டால், கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு "இதுதாங்க முதல்" என்பார்கள். வயிற்றுத் தழும்பை 'குடல்வால் ஆபரேஷன்' என்று சொன்ன குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் தனியாகவாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஃபைப்ராய்டு கட்டி மட்டும்தான் எடுத்தாங்க. எனக்கும் தழும்புக் கணக்கு உண்டா?

உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைக் காப்பாற்றும் மயோமெக்டமியிலும் கருப்பைச் சுவரைக் கீறித்தான் ஆக வேண்டும், லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்தாலும் அப்படித்தான். கட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டு. இடத்தை மருத்துவர் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது. இயன்றவரை ஒரே வெட்டு வழியாகப் பல கட்டிகளை எடுக்கப் பார்ப்பார்கள். பின்சுவரில் வெட்டினால் குடலும் சினைக்குழாயும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முன்சுவரை விரும்புவார்கள்.

பின்னாளில் சுகப்பிரசவத்துக்கு விடலாமா என்பது, கட்டி எவ்வளவு ஆழத்தில் இருந்தது, எடுக்கும்போது கருப்பையின் உள்ளறை திறந்துகொண்டதா என்பவற்றைப் பொறுத்தது. வெளிப்புறம் காம்பில் தொங்கிய கட்டிக்குக் கவலை இல்லை. சுவரின் முழுக் கனத்தையும் வெட்டி எடுத்திருந்தால் வலி வருமுன்பே சிசேரியன் செய்யச் சொல்வார்கள். "உள்ளறை திறந்ததா?" என்ற கேள்விக்குப் பதில் உங்கள் அறுவைக் குறிப்பில் இருக்க வேண்டும்.

வயித்துக்குள்ள இருக்குற குழந்தைக்கே ஆபரேஷன் பண்ணி மறுபடி உள்ள வைப்பாங்களாமே?

செய்கிறார்கள், உலகில் மிகச் சில மையங்களில். 1980களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் கருப்பையைத் திறந்து சிசுவுக்கு அறுவை செய்யும் முறையைத் தொடங்கினார்கள். இன்று இதற்கு முதன்மையான காரணம் முதுகுத்தண்டு மூடாமல் நரம்பு வெளியே தெரியும் ஸ்பைனா பைஃபிடா. அமெரிக்காவில் மூன்று மையங்களில் நடந்து 2011-இல் வெளியான மாம்ஸ் ஆய்வில், 26 வாரத்துக்கு முன் கருப்பையிலேயே முதுகை மூடிய குழந்தைகளில் 40 சதவீதத்தினருக்கே ஓராண்டுக்குள் மூளைநீரை வடிக்கும் ஷன்ட் தேவைப்பட்டது. பிறந்த பிறகு மூடியவர்களில் அது 82 சதவீதம்.

அதற்கான விலையைத் தாயின் கருப்பை கொடுக்கிறது. அந்த வெட்டு நடுக்கர்ப்பத்தில், மேற்பகுதியில் விழுகிறது. அதே கர்ப்பம் மேலும் பல வாரம் அந்தத் தையலை இழுத்துக்கொண்டு வளர வேண்டும். அந்த ஆய்வில் குழந்தைகள் சராசரியாக 34-ஆம் வாரத்தில் பிறந்துவிட்டன. பிரசவத்தின்போது பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தழும்பு மெலிந்தோ பிரிந்தோ இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பிரசவமும் இனிவரும் எல்லாப் பிரசவங்களும் சிசேரியன்தான்.

எக்ஸிட் என்றொரு முறையும் உண்டு. கழுத்துக் கட்டியால் மூச்சுக்குழாய் அடைபட்ட குழந்தையைக் கருப்பைக் கீறல் வழியாகத் தோள்வரை மட்டும் வெளியே எடுத்து, தொப்புள்கொடி வழியே இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, அதன் பிறகே கொடியை வெட்டுவார்கள்.

தாய்க்கு மூச்சு நின்ன பிறகும் வெட்டுறாங்களே, குழந்தைக்காகத்தானே?

பழங்கால ரோமாபுரியில் இறந்த கர்ப்பிணியின் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்காமல் புதைக்கக் கூடாது என்று விதி இருந்தது. அன்று அது குழந்தைக்காக. இன்று முதல் நோக்கம் தாயின் உயிர். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கருப்பை, மல்லாந்து கிடக்கும் பெண்ணின் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் மார்பை எவ்வளவு அழுத்தினாலும் இதயத்துக்கு இரத்தம் திரும்பாது. குழந்தையை எடுத்தால் அந்த அழுத்தம் விடும். ஆகவே இதயம் நின்று நான்கு நிமிடத்தில் முயற்சி பலிக்காவிட்டால் கீறத் தொடங்கி, ஐந்தாம் நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்று பயிற்சி தருகிறார்கள். அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போக நேரமில்லை. கிடக்கும் கட்டிலிலேயே, ஒரு கத்தி மட்டும் இருந்தாலும் செய்ய வேண்டும். இதற்கு இப்போது 'உயிர்மீட்புக் கருப்பைக் கீறல்' என்ற பொருளில் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

முதல் குழந்தை ஆபரேஷன். ரெண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா?

கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருந்து, வேறு தடை இல்லையென்றால் முயன்று பார்க்கலாம். அப்படி முயல்பவர்களில் நான்கில் ஏறக்குறைய மூவருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பு ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். தழும்பு பிரியும் ஆபத்து ஏறக்குறைய இருநூற்றில் ஒன்று. மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியவர்களுக்கு அது நூற்றில் நான்கு முதல் ஒன்பதுவரை போகும். எனவே அவர்களை வலிக்கு விடாமல் 36, 37 வாரங்களிலேயே சிசேரியன் செய்துவிடுவார்கள்.

முயல்வது என்றால், எந்த நேரமும் அறுவை செய்ய ஆளும் இரத்தமும் இருக்கும் மருத்துவமனையில் முயல வேண்டும். ஊசி, மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால் ஆபத்து கூடும். மிசோப்ரோஸ்டால் மாத்திரையைத் தழும்புள்ள நிறைமாதக் கருப்பைக்கு வைக்கக் கூடாது.

தழும்பு விட்டா எனக்குத் தெரியுமா?

சில வேளை தெரியும்: வலி விட்டுவிட்டு வராமல் தழும்பின் மேல் நிலையாக நிற்கும், இரத்தம் படும், வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோகும். ஆனால் தாய்க்குத் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பு குறையும். அதனால்தான் வயிற்றில் பெல்ட் கட்டி மெஷினைத் தொடர்ந்து ஓடவிடுகிறார்கள். இறுக்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றிவிடாதீர்கள்.

மொத்தம் எத்தனை சிசேரியன் பண்ணலாம்? மூணுக்கு மேல கூடாதுன்னு சொல்றாங்க.

மூன்று என்று எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது என்பது உண்மை. ஒட்டுதல்கள் கூடும், சிறுநீர்ப்பையில் காயம்படும் வாய்ப்பு கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சம், நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரூன்றிப் பிரியாமல் ஒட்டிக்கொள்வது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கும் பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு இது நூற்றில் 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களுக்கு 40 பேருக்கும், மூன்று ஆனவர்களுக்கு 61 பேருக்கும் நேர்ந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்படி ஒட்டியிருந்தால் நஞ்சுக்கொடியைத் தொடாமல் மேலே நெடுக்காகக் கீறிக் குழந்தையை எடுத்துவிட்டு, பெரும்பாலும் கருப்பையையும் அகற்ற வேண்டி வரும். ஹிஸ்டரோடமி ஹிஸ்டரெக்டமியில் முடியும் இடம் இதுதான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் மாதவிலக்கு முடிஞ்சும் நாலஞ்சு நாள் பழுப்பா பட்டுக்கிட்டே இருக்கு. ஏன்?

தழும்பின் உட்புறத்தில் சிறு குழி விழுந்திருந்தால், மாதவிலக்கின் இரத்தம் அதில் தேங்கிப் பிறகு சொட்டுச் சொட்டாக வரும். ஸ்கேனில் இதை 'நிச்' அல்லது 'இஸ்த்மோசீல்' என்று எழுதுவார்கள். தொந்தரவு இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உதிரம் படுவது அதிகமாக இருந்தாலோ, அடுத்த குழந்தை தங்கத் தாமதமானாலோ சிகிச்சை உண்டு. பழுப்பாகப் படுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் பரிசோதிக்காமல் இதுதான் என்று முடிவு கட்டக் கூடாது.

நாள் தள்ளிப்போச்சு, இப்போ குழந்தை வேண்டாம். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா?

கூடாது, தழும்புள்ளவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. மேலே சொன்ன குழியிலேயே கரு போய் ஒட்டிக்கொள்வது உண்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் கர்ப்பங்களில் ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது தெரியாமல் மாத்திரை போட்டாலோ, ஸ்கேன் பார்க்காமல் சுரண்டி எடுத்தாலோ இரத்தம் கட்டுக்கடங்காமல் போகும். குழந்தை வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், சிசேரியன் ஆனவர்கள் நாள் தள்ளியதும் ஆறு, ஏழு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துக் கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பேப்பரெல்லாம் தொலைஞ்சு போச்சு சிஸ்டர். என்ன வெட்டுன்னே தெரியாது. இப்போ ஏழு மாசம்.

ஸ்கேனில் தழும்பின் கனத்தைப் பார்க்கலாம். ஆனால் அன்று வெட்டியது குறுக்கா நெடுக்கா என்பதை உறுதியாகச் சொல்ல அதை நம்பியிருக்க முடியாது. முதலில் அறுவை செய்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில், சேர்ந்த தேதியையும் உள்நோயாளி எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். எண் தெரியாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைக் கொண்டு பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மருத்துவர் உங்களிடம் கதை கேட்பார்: எத்தனாவது மாதம், குழந்தையின் எடை என்ன, குறுக்கே கிடந்ததா, அறுவை வழக்கத்தைவிட நீண்டதா, "அடுத்த தடவை வலிக்குக் காத்திருக்காதே" என்று யாராவது சொன்னார்களா? நிறைமாதத்தில், தலை கீழே இருந்து, வலி முன்னேறாமல் செய்த சிசேரியன் என்றால் பெரும்பாலும் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டாகத்தான் இருக்கும். ஏழாம் மாதத்தில் செய்தது என்றால் அப்படி எண்ணிக்கொள்ள முடியாது.

இப்போது டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவர்கள், கட்டிலைவிட்டு எழுமுன் நான்கு விஷயங்கள் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கருப்பையில் எந்த வகை வெட்டு, வெட்டு நீண்டதா, எந்தக் காரணத்துக்காக அறுவை, அடுத்த பிரசவத்துக்கு என்ன அறிவுரை. இல்லையென்றால் பணி மருத்துவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கணவர், தாயார் இருவருக்கும் அனுப்பிவிட்டு, அசலை ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறைக்குள் வையுங்கள்.